தஞ்சோங் பகார் ரயில் முனையம் தேய்ந்தது எப்படி?

2024 பிப்ரவரி 11, ஒரு வாசகரின் கேள்வி

சிங்கப்பூரின் கெப்பல் சாலையில் பூட்டிக் கிடக்கும், மலேசிய ரயில்வேயின் பழைய தஞ்சோங் பகார் ரயில் நிலையத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலே எங்கள் வீட்டுப் பெரியவர்கள் மனம் கலங்குகிறார்கள். நான் அங்கிருந்து ஒருமுறைகூட ரயில் ஏறியதில்லை. ஒரு நாளைக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய ரயில்களே வந்துபோன முனையம், நகரத்தின் விலையுயர்ந்த நிலத்தை அடைத்துக்கொண்டு எத்தனை காலம் இருக்க முடியும்? பயணிகளே வேண்டாம் என்று ஒதுக்கிய பிறகு 2011 இல் அதை மூடியதில் என்ன தவறு?

பிப்ரவரி 11, இரவு

மூடியது சரியா தவறா என்பதைப் பிறகு பார்க்கலாம். பயணிகள் அதை ஒதுக்கினார்கள் என்ற முதல் கூற்றையே மறுக்க வேண்டியிருக்கிறது.

என் தாயார் வழி உறவினர்கள் மலேசியாவின் குளுவாங்கிலும் சிகாமட்டிலும் இருந்தார்கள். பள்ளி விடுமுறைக்கும் தீபாவளிக்கும் தஞ்சோங் பகாரில் ரயில் ஏறித்தான் போவோம். 1990களின் இறுதியில் அந்த வழக்கம் எங்கள் வீட்டில் நின்றுபோனது. ரயில் பயணத்தை நாங்கள் விடவில்லை. பேருந்தில், சிங்கப்பூரையும் ஜோகூரையும் இணைக்கும் கடற்பாலத்தைக் கடந்து, ஜோகூர் பாரு நிலையத்துக்குப் போய், அதே ரயிலில் அங்கே ஏறத் தொடங்கினோம். அக்கம்பக்கத்தில் மலேசியாவில் சொந்தபந்தம் உள்ள பல குடும்பங்கள் இதையேதான் செய்தன. அதற்கு இரண்டு காரணங்கள் இருந்தன.

முதலாவது கட்டணம். சிங்கப்பூரில் வாங்கும் பயணச்சீட்டுக்கு, மலேசிய ரிங்கிட்டில் எந்த எண்ணோ அதே எண்ணைச் சிங்கப்பூர் வெள்ளியில் கட்ட வேண்டும். 1973 வரை இரு நாட்டு நாணயங்களும் ஒன்றுக்கு ஒன்று என்று மாற்றிக்கொள்ளப்பட்டன. அப்போது இதனால் யாருக்கும் இழப்பில்லை. ஒரு வெள்ளியின் மதிப்பு இரண்டு ரிங்கிட்டைத் தாண்டிய பிறகோ, ஒரே ரயிலுக்கு, ஒரே இருக்கைக்கு, தஞ்சோங் பகாரில் ஏறியவர் ஜோகூர் பாருவில் ஏறியவரைப் போல இரு மடங்குக்கு மேல் கொடுக்கும் நிலை வந்தது. நான்கைந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு அது சிறிய தொகையன்று.

இரண்டாவது குடிநுழைவு. 1998 ஆகஸ்ட் 1 அன்று சிங்கப்பூர் தன் குடிநுழைவு, சுங்கப் பிரிவுகளை உட்லண்ட்ஸ் ரயில் சோதனைச்சாவடிக்கு மாற்றிக்கொண்டது. மலேசியாவின் பிரிவுகள் தஞ்சோங் பகாரிலேயே தொடர்ந்தன. ஆகவே வடக்கே போகிறவர் கெப்பல் சாலையில் மலேசியாவுக்குள் நுழைய அனுமதி பெற்று, சிங்கப்பூரின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பயணம் செய்து, உட்லண்ட்ஸில் எல்லாரோடும் இறங்கி, சிங்கப்பூரை விட்டு வெளியேற அனுமதி பெற்று, மீண்டும் ஏறி உட்கார வேண்டும். ஒரு நாட்டை விட்டு வெளியேறும் முன்பே இன்னொரு நாட்டுக்குள் நுழைந்துவிட்ட அந்த இடைவெளி சட்டப்படி என்ன என்று இரு அரசாங்கங்களும் வாதிட்டுக்கொண்டன. வயதானவர்களையும் கைக்குழந்தைகளையும் வைத்துக்கொண்டு அந்த வரிசைகளில் நின்றவர்களுக்கு அது சட்ட நுணுக்கமாகத் தெரியவில்லை, அலைச்சலாகத் தெரிந்தது.

ஆள் ஏறவில்லை என்ற கணக்கு உண்மைதான். அந்தக் கணக்கு எப்படி உண்டானது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பிப்ரவரி 13

நகரத்தின் நடுவில் கட்டாமல் துறைமுகத்தின் ஓரத்தில் கட்டியதே கோளாறு என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இதில் பாதி உண்மை இருக்கிறது.

1903 இல் ஓடத் தொடங்கிய முதல் ரயில் பாதையின் நகர முனை டேங்க் ரோட்டில் இருந்தது. தைப்பூசக் காவடிகள் வந்து சேரும் தண்டாயுதபாணி கோயில் இருக்கும் அதே டேங்க் ரோடுதான். பாதை வடக்கே உட்லண்ட்ஸ் கரைவரை போனது; அங்கிருந்து ஜலசந்தியைப் படகில்தான் கடக்க வேண்டும். 1923 இல் கடற்பாலத்தின் மீது ரயில் ஓடத் தொடங்கியதும் மலாயாவின் ரப்பரும் ஈயமும் இறங்காமல் சிங்கப்பூர் வரை வந்து சேர வழி பிறந்தது. சரக்கு போக வேண்டிய இடம் துறைமுகம். டேங்க் ரோட்டுப் பாதையோ நெரிசலான நகரச் சாலைகளைச் சமதளத்தில் குறுக்கிட்டுச் சென்றது. எனவே புக்கிட் தீமாவிலிருந்து மேற்கே வளைத்து, சாலைகளுக்கு மேலே பாலங்கள் அமைத்து, துறைமுகத்தை ஒட்டிப் புதிய முனையம் கட்டினார்கள். 1932 மே 2 அன்று ஆளுநர் சர் செசில் கிளமென்டி அதைத் திறந்துவைத்தபோது, கடற்பாலத்தின் வழியே இணைந்துவிட்ட ஆசியப் பெருநிலத்தின் தென்கோடி இது என்று பெருமையோடு குறிப்பிட்டார். நிலவரைபடத்தில் பார்த்தால் அந்தப் பெருமை நியாயமானதே. தண்டவாளம் போவதற்கு அதற்குத் தெற்கே இடமில்லை.

ஸ்வான் அண்ட் மெக்லாரன் நிறுவனத்தின் டி. எஸ். பெட்ரோவிச் வடிவமைத்த கட்டடம் அது. முகப்பில் ருடால்ஃபோ நோல்லி செதுக்கிய நான்கு பளிங்கு உருவங்கள் வேளாண்மை, வாணிபம், போக்குவரத்து, தொழில் ஆகியவற்றைக் குறிக்கின்றன. எஃப், எம், எஸ், ஆர் என்று ஒவ்வோர் எழுத்தைத் தாங்கி நிற்பது, மலாய்க் கூட்டு மாநிலங்களின் ரயில்வே என்ற பெயருக்காக. உள்ளே உயர்ந்த வளைகூரையின் கீழ் நெல் நடவு, ரப்பர் பால்மரம் சீவுதல், ஈயச் சுரங்கம், கொப்பரை, மாட்டு வண்டி, கப்பல் என்று மலாயாவின் பொருளியலை ஆறு பெரிய சுவர்ச் சித்திரங்களாகப் பதித்திருந்தார்கள். பால்மரத்தடியில் நிற்கும் அந்த உருவங்களைச் சுட்டிக்காட்டி, தோட்டத்தில் பிறந்து வளர்ந்த என் தாயார் அளவெடுத்துக் கத்தி வைக்கும் முறையை விளக்குவார். ரயிலுக்குக் காத்திருக்கும் நேரத்தில் எனக்குக் கிடைத்த பாடம் அது.

ஆக, 1932 இல் அந்த இடம் சரியான இடமே. இடம் மாறவில்லை, அதைச் சுற்றியிருந்த ஊர்தான் மாறிவிட்டது. 1972 இல் தஞ்சோங் பகாரில் சரக்குப்பெட்டக முனையம் செயல்படத் தொடங்கியது. சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் பயணிகளை ஏற்றிச் சென்ற ரஜூலா போன்ற கப்பல்களின் காலமும் முடிந்து, அவர்கள் விமானத்துக்குப் போனார்கள். துறைமுகத்தை நம்பிப் பிறந்த நிலையத்துக்கு அந்தத் துறைமுகம் ஒரு வேலியாகிவிட்டது. எதிரே மேம்பாலம் எழுந்தபின், நகரத்திலிருந்து நடந்துவருபவரின் கண்ணுக்குக்கூட முகப்பு முழுமையாகத் தெரிவதில்லை.

பிப்ரவரி 14

ஒரு சிறு விளக்கம். நிலத்தை மலேசியா வாடகைக்கு வைத்திருந்தது என்று மேலே இருவர் எழுதியுள்ளனர். வாடகை என்றால் தவணை முடிந்ததும் காலி செய்யச் சொல்லலாம். 1918 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ரயில் பாதை நிலத்தில் பெரும்பகுதி 999 ஆண்டுக் குத்தகையில் ரயில்வேக்குக் கொடுக்கப்பட்டது. 1965 இல் இரு நாடுகளும் பிரிந்தபோது ரயில்வே மலேசியாவின் பக்கம் போனது. அதனோடு, தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸ் வரை சிங்கப்பூரை நெடுக்காக அறுத்துச் செல்லும் அந்த நிலத்தின் உரிமையும் போனது. இனி எழுதப் போவதற்கெல்லாம் இதுவே அடித்தளம்.

பிப்ரவரி 18

முதல் நாள் சொன்ன கட்டணமும் குடிநுழைவும் நோயின் அடையாளங்களே என்று இந்த ஒரு வாரமாக எண்ணிப் பார்த்ததில் தோன்றுகிறது. வேர் நிலத்தில் இருக்கிறது.

1990 நவம்பர் 27 அன்று, பிரதமர் பொறுப்பிலிருந்து விலகுவதற்கு முந்தைய நாள், லீ குவான் இயூ மலேசிய நிதியமைச்சர் டைம் சைனுடினுடன் ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டார். ரயில் முனையம் தஞ்சோங் பகாரை விட்டு விலகும். தஞ்சோங் பகார், கிராஞ்சி, உட்லண்ட்ஸ் ஆகிய மூன்று இடங்களிலுள்ள ரயில்வே நிலங்களை மலேசியாவுக்கு 60, சிங்கப்பூருக்கு 40 என்ற பங்கில் ஒரு கூட்டு நிறுவனம் மேம்படுத்தும் என்பது அதன் சாரம். அதன் பிறகு, உடன்பாடு எப்போது நடைமுறைக்கு வருகிறது, புக்கிட் தீமாவிலுள்ள மேலும் பல நிலத்துண்டுகளையும் சேர்க்க வேண்டாமா, குடிநுழைவுப் பிரிவு எங்கே இருக்க வேண்டும் என்று இருபது ஆண்டுகள் பேச்சு இழுத்துக்கொண்டே போனது. 1998 இல் ஒரு தரப்பு உட்லண்ட்ஸுக்குப் போனதும் மறுதரப்பு கெப்பல் சாலையில் இருந்துவிட்டதும் இந்தத் தகராறின் ஒரு பகுதியே. மலேசிய அதிகாரிகள் தஞ்சோங் பகாரை விட்டு எழுந்து போனால், நிலத்தின் மீதான பிடி தளர்ந்ததாகப் பொருள்படும் என்ற கவலை இருந்திருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

அந்த இருபது ஆண்டுகளில் நிலையத்தின் நிலையை நினைத்துப் பாருங்கள். என்றாவது ஒருநாள் விட்டுக்கொடுக்கப் போகும் கட்டடத்தில் ரயில்வே எதற்காகப் பணம் போடும்? என்றாவது ஒருநாள் கைக்கு வரப்போகும் நிலத்தில் இன்னொரு நாட்டின் ரயில் நிலையம் சிறப்பாக நடக்கச் சிங்கப்பூர் எதற்காக உதவும்? 1987 இல் தஞ்சோங் பகார் என்ற பெயரிலேயே பெருவிரைவு ரயில் (எம்ஆர்டி) நிலையம் திறக்கப்பட்டது. இரண்டுக்கும் பெயர் ஒன்று, தொடர்பு இல்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெருஞ்சாலைகளைக் கடந்து கால் மணி நேரம் நடந்தால்தான் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக முடியும். வெளிநாட்டுப் பயணிகள் தவறான நிலையத்தில் இறங்கி வழி கேட்டு வருவது வழக்கமான காட்சி. உலகின் பெரிய நகரங்களில் நெடுந்தூர ரயில் முனையத்தின் அடியில் சுரங்க ரயில் நிலையம் அமைப்பது அடிப்படை ஏற்பாடு. அது இங்கே நடக்காததற்குப் பொறியியல் காரணம் எதுவும் இல்லை. சொத்துப் பிரிவினை முடியாத வீட்டுக்கு எந்தப் பங்காளியும் சுண்ணாம்பு அடிக்க மாட்டான். அந்த நிலையம் அப்படிப்பட்ட வீடாக இருந்தது.

ரயில்வே கட்டடத்தின் மேல்தளத்தில் ஒரு காலத்தில் தங்குவிடுதி நடந்தது. அது 1990களில் மூடப்பட்டது. நாங்கள் போய்வந்த நாள்களில் பயணச்சீட்டு முகப்பு, உணவுக்கடை, பணமாற்றுக்கடை என்று உயிரோடு இருந்த பகுதி சிறிதே. மற்றவை சாத்திய கதவுகள்.

பிப்ரவரி 20

பேருந்து நிறுவனத்தில் பல ஆண்டுகள் பணியாற்றிய ஒருவர், நிலம், எல்லை என்று பெரிய காரணங்களைத் தேட வேண்டாம், சாலைதான் ரயிலை வென்றது என்று விரிவாக எழுதியிருக்கிறார். அவர் சொல்வதில் வலு இருக்கிறது. மலேசியாவின் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை 1994 இல் முழுமையாகத் திறக்கப்பட்டது. கோலாலம்பூருக்குப் பேருந்தில் ஐந்து மணி நேரம், எல்லையில் நெரிசல் இருந்தால் ஆறு. ரயிலில் ஏழெட்டு மணி நேரம். மீட்டர் அகலப் பாதை, அதுவும் ஒற்றைப் பாதை. எதிரே வரும் ரயிலுக்காக ஒதுங்கி நிற்பது பயணத்தின் ஒரு பகுதி.

சிங்கப்பூருக்குள் அந்த ஒதுங்கல் நடந்த இடம் புக்கிட் தீமா நிலையம். கடைசி நாள் வரை அங்கே டோக்கன் முறைதான் இருந்தது. ஒரு பகுதித் தண்டவாளத்துக்கு ஒரு டோக்கன்; அது கையில் இருக்கும் ஓட்டுநரே அந்தப் பகுதிக்குள் போகலாம். பெரிய வளையத்தில் கோத்த பையில் டோக்கனை வைத்து நிலையப் பணியாளர் நடைமேடையில் நீட்டிப் பிடிப்பார். மெதுவாக ஊர்ந்து வரும் ரயிலின் இயந்திரத்திலிருந்து ஒருவர் பழையதைக் கொடுத்துப் புதியதைப் பற்றிக்கொள்வார். சிறுவனாக நான் சன்னலில் தலையை நீட்டி இதைப் பார்க்கத் தவறியதில்லை. மின்னணுச் சமிக்ஞையில் நாள்தோறும் நூற்றுக்கணக்கான ரயில்களை இயக்கும் ஒரு நகரத்தின் நடுவே இந்த முறை 2011 வரை நீடித்தது, பாதுகாப்பில் குறைவில்லாத முறை என்பதால் மட்டும் இல்லை; மாற்றுவதற்கு யாருக்கும் காரணம் இல்லை என்பதாலும்.

எனவே பேருந்து நண்பரிடம் நான் கேட்பது இது. சாலை வென்றதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மலேசியாவின் வடபகுதியில் அதே நெடுஞ்சாலை ஓடியபோதும் ரயில்வே இரட்டைப் பாதை போட்டு மின்மயமாக்கியது. ஈப்போவுக்கும் பாடாங் பெசாருக்கும் ஓடும் விரைவு மின்ரயில்களில் இன்று விடுமுறை நாளில் இடம் கிடைப்பது அரிது. கெமாஸுக்குத் தெற்கே மட்டும் பழைய ஒற்றைப் பாதை நீடித்தது; அங்கே இரட்டைப் பாதைப் பணி 2020களில்தான் முடிவை எட்டியது. தென்முனையின் தலைவிதி தெரியாத நிலையில் தென்பகுதிப் பாதை வரிசையில் கடைசிக்குப் போனதில் வியப்பில்லை.

பிப்ரவரி 20, பின்குறிப்பு

இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கோலாலம்பூருக்குப் போகிறவர்கள் பேருந்துக்கும் விமானத்துக்கும் மாறினார்கள் என்றால், குளுவாங், சிகாமட், கெமாஸ் போன்ற ஊர்களுக்குப் போகிறவர்கள் ரயிலையே நம்பினார்கள். கிழக்குக் கரையில் தும்பாட் வரை போகும் இரவு ரயிலுக்கு அந்தக் கடைசி ஆண்டுகளிலும் படுக்கை வசதிக்கு முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். வெறிச்சோடியது நிலையம், ரயில் எப்போதும் வெறுமையாக ஓடவில்லை.

மார்ச் 2

கட்டணத்தைப் பற்றி முதல் குறிப்பில் எழுதியதற்கு இளம் வாசகர் ஒருவர் நல்ல மறுப்பு எழுதியிருக்கிறார். 2015 ஜூலையிலிருந்து உட்லண்ட்ஸுக்கும் ஜோகூர் பாருவின் ஜேபி சென்ட்ரல் நிலையத்துக்கும் இடையே ஓடும் ஷட்டில் தெப்ராவ் ரயிலுக்கும் இதே கட்டண முறைதான்: ஜோகூரிலிருந்து 5 ரிங்கிட், உட்லண்ட்ஸிலிருந்து 5 வெள்ளி. அதில் வார இறுதிச் சீட்டுகள் வெகு முன்பே விற்றுத் தீர்ந்துவிடுகின்றன. அப்படியென்றால் ஒன்றுக்கு ஒன்று என்ற கட்டணம் பயணிகளை விரட்டியதாகச் சொல்வது எப்படிப் பொருந்தும்?

இதை இரண்டு நாள் யோசித்தேன். தெப்ராவ் ஐந்து நிமிடத்தில் ஜலசந்தியைக் கடந்துவிடுகிறது. சாலையில் ஒரு மணி, இரண்டு மணி என்று நின்று நொந்தவர்களுக்கு அந்த ஐந்து நிமிடத்தின் விலை 5 வெள்ளி என்றால் மலிவு. தஞ்சோங் பகாரில் கூடுதலாகக் கொடுத்த வெள்ளிக்கு ஈடாக எதுவும் கிடைக்கவில்லை. ஜோகூர் பாருவில் ஏறியிருந்தால் பணமும் மிச்சம், நேரமும் மிச்சம். ஆக, விலையைவிட நேரமே தீர்மானித்தது என்று என் வாதத்தைத் திருத்தி வைக்கிறேன். இந்தத் திருத்தம் மூல வாதத்தை இன்னும் உறுதியாக்குகிறது. சிங்கப்பூருக்கும் ஜோகூருக்கும் இடையே ரயிலில் போக ஆள் இல்லை என்பது எந்தக் காலத்திலும் உண்மையாக இருக்கவில்லை. எல்லையை விரைவாகக் கடக்கும் ரயில் ஒன்று கிடைத்த உடனே இடம் போதவில்லை. ஜோகூர் பாருவின் புக்கிட் சாகாரையும் சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் நார்த்தையும் இணைக்கும் ஆர்டிஎஸ் என்ற புதிய விரைவு ரயில் பாதையை ஒரு மணி நேரத்துக்கு ஒரு திசையில் 10,000 பேர் போகும் அளவுக்கு இரு நாடுகளும் இணைந்து கட்டுவதும் அந்தத் தேவையை அறிந்துதான்.

மார்ச் 3

அப்படியானால் 1998 இலேயே இரு நாட்டுக் குடிநுழைவும் உட்லண்ட்ஸில் ஒரே கூரையின் கீழ் அமைந்திருந்தால் தஞ்சோங் பகார் பிழைத்திருக்குமா என்று கேட்கிறார்கள். பிழைத்திருக்கலாம். தேய்வு மெதுவாகியிருக்கும் என்பதற்கு மேல் உறுதியாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உட்லண்ட்ஸில் இறங்கி ஏறும் கட்டாயம் எப்படியும் இருந்திருக்கும். முனையம் நிலைக்க வேண்டுமானால் 1998 க்கு முன்பு இருந்தது போல, நகரத்திலேயே இரண்டு சோதனையும் முடிந்து, ஏறிய ரயில் எல்லையில் நிற்காமல் போக வேண்டும். லண்டனில் யூரோஸ்டார் ஏறுகிறவர் செயின்ட் பாங்க்ரஸ் நிலையத்திலேயே பிரெஞ்சு எல்லைச் சோதனையை முடித்துவிடுகிறார். இரு அரசுகள் ஒன்றையொன்று நம்பினால் இது நடக்கும்.

மார்ச் 9

கடைசி மாதங்களைப் பற்றி எழுதச் சொல்லிப் பலர் கேட்டிருக்கிறார்கள். 2010 மே 24 அன்று பிரதமர்கள் லீ சியன் லூங்கும் நஜிப் ரசாக்கும் முடிவை அறிவித்தார்கள். 2011 ஜூலை 1 முதல் உட்லண்ட்ஸே கடைசி நிலையம். ரயில்வே நிலங்களுக்கு ஈடாக மரினா சவுத்திலும் ஓஃபிர் ரோச்சோர் பகுதியிலும் நிலம். அதில் மலேசியாவுக்கு 60, சிங்கப்பூருக்கு 40. இன்று மரினா ஒன் என்றும் டுவோ என்றும் நிற்கும் கோபுரங்கள் அந்தப் பரிமாற்றத்தில் எழுந்தவை.

2011 ஏப்ரலில் நிலையம் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. மே, ஜூன் மாதங்களில் அங்கே இருந்த கூட்டத்தை நான் என் சிறுவயதில்கூடப் பார்த்ததில்லை. குடும்பம் குடும்பமாக வந்து நடைமேடையை ஒட்டிய கடையில் பரோட்டாவும் தேநீரும் சாப்பிட்டு, ஜோகூர் வரையாவது ஒருமுறை போய்வரச் சீட்டுக்கு வரிசையில் நின்றார்கள். என் தாயாரும் வர வேண்டும் என்றார். கால் வலியோடு நடைமேடையின் கடைசிவரை நடந்தார். அங்கே நின்ற பணியாளர் ஒருவரிடம், “இனி எங்கே மாற்றுகிறார்கள், தம்பி?” என்று விசாரித்தார். ஜேபிக்குப் போகிறேன் அம்மா என்றார் அவர்.

ஜூன் 30 இரவு கடைசி ரயிலை ஜோகூர் சுல்தான் இப்ராகிம் இயக்கிச் சென்றார். கடற்பாலம் திறக்கப்பட்ட காலத்தில் ஜோகூரை ஆண்டவர் அவருடைய கொள்ளுத்தாத்தா, அதே பெயர் கொண்ட சுல்தான் இப்ராகிம். மறுநாளே பாதை முழுவதும் மக்கள் நடக்கத் திறந்துவிடப்பட்டது; இரண்டு வாரங்களுக்குப் பிறகு தண்டவாளங்களைப் பெயர்க்கத் தொடங்கினார்கள்.

இவ்வளவு அன்பு இருந்தும் நிலையம் ஏன் காலியாக இருந்தது என்று கேட்பது கடுமையான கேள்வி. வழியனுப்ப வந்த கூட்டத்தைப் பயணிகள் கூட்டமாகக் கணக்கிட முடியாது என்பதை நான் மறுக்கவில்லை.

மார்ச் 10

மூடியது சரியா என்பதற்கு வருகிறேன். நிலப் பரிமாற்றம் இரு நாடுகளுக்கும் நன்மை. இருபது ஆண்டுக் கசப்பு அதோடு முடிந்தது; மேம்பாட்டுக் கட்டணம் பற்றி எஞ்சிய ஒரு வழக்கையும் 2014 இல் நடுவர் மன்றத்தில் அமைதியாகத் தீர்த்துக்கொண்டார்கள். நினைவுச்சின்னம் காப்பாற்றப்பட்டது. இயற்கைச் சங்கத்தினர் முன்வைத்த யோசனையின் வழியே, 24 கிலோமீட்டர் பாதை பசுமை நடைபாதையாக நிலைத்தது. அதில் நடக்கும் யாரிடமிருந்தும் அதைத் திரும்பப் பிடுங்க நான் கேட்க மாட்டேன்.

என் வருத்தம் வேறு. நகர மையத்தை நோக்கி, பெரும்பாலும் குறுக்கே சாலை இல்லாமல், ஏற்ற இறக்கம் சமன்செய்து, மேம்பாலங்களோடு தயாராக இருந்த ரயில் வழி ஒன்று நம்மிடம் இருந்தது. அதைக் கைவிட்ட ஐந்து ஆண்டுகளில், 2016 டிசம்பரில், ஜூரோங் ஈஸ்ட்டை முனையமாகக் கொண்டு கோலாலம்பூருக்கு அதிவேக ரயில் அமைக்க ஒப்பந்தம் செய்தோம். 2020 முடிவில் அது காலாவதியானது. இன்று சிங்கப்பூர் நகரத்துக்குள் நெடுந்தூர ரயில் எதுவும் வருவதில்லை. குளுவாங்கிலுள்ள என் சித்தியைப் பார்க்க நான் பெருவிரைவு ரயில், பேருந்து அல்லது தெப்ராவ், பிறகு மலேசிய ரயில் என்று மாறி மாறிப் போகிறேன். ஒரே பெட்டியில் ஏறி உட்கார்ந்து போன பயணம் அது.

பேச்சுவார்த்தையில் நிலத்தின் மதிப்பை இரு தரப்பும் சதுர அடிவரை கணக்கிட்டன. வழித்தடத்தின் மதிப்பை அதே கவனத்தோடு கணக்கிட்டதாகத் தெரியவில்லை. இதுவே என் கருத்து. இதற்கு மேல் மூடலைக் குற்றமென்று சொல்ல மாட்டேன்.

மார்ச் 16

தலைப்பிலிருந்து சற்று விலகுவதாகத் தோன்றினாலும் இதைச் சொல்லாமல் விட முடியாது. இந்த ரயில்வேயின் தேய்வு நம்மவர்களின் ஒரு வாழ்க்கை முறையின் முடிவும்கூட. மலாயா ரயில்வேயில் தண்டவாளம் பதித்துப் பராமரித்தவர்களில் பெரும்பகுதி தமிழகத்துத் தமிழர்கள். நிலைய அதிபர்களாகவும் எழுத்தர்களாகவும் யாழ்ப்பாணத்துத் தமிழர்கள் பலர் இருந்தார்கள். இரு தரப்பும் ஒரே பாதையில் வேலை செய்தன, வேறு வேறு குடியிருப்புகளில் வாழ்ந்தன. குவீன்ஸ்வே பக்கத்து ரயில்வே குடியிருப்பில் தொழிலாளர்கள் 1930களில் சிறு கொட்டகையாகத் தொடங்கிய வழிபாடுதான் இன்று காமன்வெல்த் டிரைவில் பெரிய ஆலயமாக நிற்கும் ஸ்ரீ முனீஸ்வரன் கோயில். ஆடி மாதத்தில் அங்கே போகும் இளையவர்களுக்கு, அந்தக் காவல் தெய்வம் முதலில் காத்தது தண்டவாளத்து மக்களை என்று யாராவது சொல்ல வேண்டும்.

என் சித்தப்பா அத்தகைய பராமரிப்புக் குழுவில் இருந்தார். விடியுமுன் தண்டவாளத்தில் நடந்து, சுத்தியலால் தட்டி, ஒலியை வைத்தே தளர்ந்த பிணைப்பைக் கண்டுபிடிப்பார்.

மார்ச் 24

நிலையத்தை இப்போது உள்ளே சென்று பார்க்க முடியுமா என்று கேட்டவர்களுக்கு: 2024 மார்ச் நிலவரப்படி முடியாது. சில ஆண்டுகள் பொது விடுமுறை நாள்களில் திறந்துவைத்தார்கள். நிலைய வளாகத்தின் அடியில் பெருவிரைவு ரயில் வட்டப் பாதையின் கேண்டோன்மென்ட் நிலையம் தோண்டத் தொடங்கியதும் அது நின்றது. அந்த நிலையம் 2026 இல் திறக்கப்படும் என்று அறிவித்தார்கள். நெடுந்தூர ரயில் இருந்தவரை வந்து சேராத பெருவிரைவு ரயில் இப்போது அதே இடத்துக்கு வருகிறது. பசுமை நடைபாதையிலுள்ள புக்கிட் தீமா நிலையமோ சீரமைக்கப்பட்டுத் திறந்திருக்கிறது. டோக்கன் கைமாறிய நடைமேடையை அங்கே பார்க்கலாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பழைய பயணச்சீட்டுகளை வைத்திருப்பவர்கள், குறிப்பாக 1973 க்கும் 2011 க்கும் இடைப்பட்டவை, அவற்றைப் படமெடுத்து இங்கே இடுங்கள். ஏறிய இடம், இறங்கிய இடம், விலை, நாணயம், தேதி ஆகிய ஐந்தும் தெரிந்தால் போதும், பெயரை மறைத்துவிடலாம். தஞ்சோங் பகார் சீட்டும் ஜோகூர் பாரு சீட்டும் ஒரே ஆண்டில் யாரிடமாவது இருந்தால், கட்டண வேறுபாடு எந்த ஆண்டில் எவ்வளவு என்று பட்டியல் போட்டுவிடலாம். ரயில்வேயில் வேலை செய்தவர்களின் இடமாற்ற உத்தரவுகளும் உதவும். எந்த நிலையத்தில் எத்தனை பேர் எப்போது குறைக்கப்பட்டார்கள் என்பது அவற்றில்தான் இருக்கிறது.